உலக மக்கள்தொகை 1,030 கோடி ஆனால் தாங்குமா? சோறு, உரம், தண்ணீர்: கணக்குப் போட்டுப் பேசுவோம்

#1 கணக்கன்

பூமி எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்டால் 200 கோடி என்பவரும் உண்டு, 2,000 கோடி என்பவரும் உண்டு. வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வதைவிட, எந்தப் பொருள் எந்த இடத்தில் முதலில் முட்டுகிறது என்று பார்க்கலாம் என்றுதான் இந்த இழை.

அடிப்படை எண்கள்: 1950 இல் 250 கோடி, 1987 இல் 500 கோடி, 2022 நவம்பர் 15 அன்று 800 கோடி. ஐ.நா.வின் 2024 மதிப்பீட்டின்படி 2080களின் நடுவில் சுமார் 1,030 கோடியைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கும். 1960களில் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது, இப்போது 0.9 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அன்று ஒரு பெண்ணுக்குச் சராசரி 5 பிள்ளை, இன்று 2.25. ஆனாலும் பிறப்பில் இறப்பைக் கழித்தால் ஆண்டுக்குச் சுமார் 7 கோடிப் பேர் கூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சோற்றுக் கணக்கு: உலகத் தானிய விளைச்சல் ஆண்டுக்குச் சுமார் 280 கோடி டன். 820 கோடிப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 341 கிலோ, நாளுக்கு 930 கிராம் சொச்சம். கிலோவுக்கு 3,400 கிலோ கலோரி என்று வைத்தால் ஏறக்குறைய 3,180 கிலோ கலோரி. இதே விளைச்சலை 1,030 கோடிப் பேருக்குப் பங்கிட்டாலும் 2,500 தேறும். பருப்பு, எண்ணெய், காய்கறி, கிழங்கு எதையும் இதில் சேர்க்கவில்லை. காகிதத்தில் பற்றாக்குறையே இல்லை. அப்புறம் ஓட்டை எங்கே?

#2 பரணி

ஓட்டை உங்க வகுத்தல்லயே இருக்கு கணக்கன். அந்த 280 கோடி டன்ல மனுஷன் தட்டுக்கு நேரா வர்றது நாற்பது சதவீதம் சொச்சம்தான். மூணுல ஒரு பங்குக்கு மேல கால்நடைத் தீவனம். மிச்சம் எத்தனால், ஸ்டார்ச்சு, விதை, சேதாரம். அமெரிக்காவுல விளையுற மக்காச்சோளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல எத்தனால் ஆலைக்குப் போகுது.

பிராய்லர் கோழி ஒரு கிலோ உயிர் எடை ஏற 1.6 முதல் 1.8 கிலோ தீவனம் வேணும். பன்றிக்கு 3 கிலோ பக்கம். கொட்டில்ல அடைச்சு தானியம் போட்டு வளர்க்குற மாட்டுக்கு 6 கிலோவும் அதுக்கு மேலயும். இது உயிர் எடைக் கணக்கு. தோல், எலும்பு, குடல் போக கறி எவ்வளவு தேறும்னு பார்த்தா விகிதம் இன்னும் மோசம்.

அதே சமயம் "கறியை விட்டா எல்லாருக்கும் சோறு"ன்னு ஒரே போடா போடவும் முடியாது. தவிடு, புண்ணாக்கு, வைக்கோல் எல்லாம் நாம திங்க முடியாதது. மேய்ச்சல் நிலம் 300 கோடி எக்டேருக்கு மேல இருக்கு, அதுல பெரும்பகுதி உழ முடியாதது. அதுல ஆடு மாடு மேயலைன்னா உணவா எதுவும் வராது. தகராறு தானியம் தின்னு வளர்ற கறியில மட்டும்தான்.

#3 வயதுக்கோபுரம்

1,030 கோடி என்ற எண்ணைப் பற்றி ஒரு தெளிவு. "இன்றே எல்லாரும் இரண்டோடு நிறுத்தினால் நாளையே நின்றுவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. மக்கள்தொகைக்கு உந்தம் உண்டு.

ஒரு பொம்மைக் கணக்கு. ஒரு நாட்டில் 100 பேர்: 30 வயதுக்குள் 60 பேர், 30 முதல் 59 வரை 30 பேர், 60 முதல் 89 வரை 10 பேர். இன்றிலிருந்து ஒவ்வொரு தலைமுறையும் தன் எண்ணிக்கை அளவுக்கு மட்டுமே பெற்றுக்கொள்கிறது, 90 வயதுக்கு முன் யாரும் சாவதில்லை என்று வையுங்கள். 30 ஆண்டு கழித்து அடுக்குகள் 60, 60, 30. மொத்தம் 150. இன்னும் 30 ஆண்டில் 60, 60, 60. மொத்தம் 180. யாரும் கூடுதலாக ஒரு பிள்ளையும் பெறவில்லை, ஆனால் நாடு 80 சதவீதம் பெருத்துவிட்டது. அடியில் அகலமாக இருந்த கோபுரம் மேலேயும் நிரம்புகிறது, அவ்வளவுதான்.

நிஜ உலகிலும் இதே கதைதான். 2054 வரை கூடப்போகும் மக்களில் 79 சதவீதத்துக்குக் காரணம் ஏற்கெனவே பிறந்துவிட்ட இளம் வயதினரின் எண்ணிக்கை என்கிறது ஐ.நா. மதிப்பீடு. குடும்பக் கட்டுப்பாட்டால் இன்று மாற்றக்கூடியது 2050க்குப் பிந்தைய வளைவைத்தான். அடுத்த 25 ஆண்டுச் சோற்றுக்கும் தண்ணீருக்கும் அது விடையாகாது.

#4 தழைச்சத்து

நிலம், கலோரி எல்லாம் இருக்கட்டும். மனிதக் கூட்டம் இந்த அளவுக்கு வந்ததற்கே காரணம் அம்மோனியா. அதைப் பேசாமல் தாங்குமா என்று பேச முடியாது.

1909 இல் ஜெர்மன் வேதியியலாளர் ஹேபர் அதை ஆய்வகத்தில் செய்து காட்டினார், 1913 இல் ஜெர்மனியின் ஓப்பாவில் பாஷ் ஆலையாக்கினார். இயற்கை எரிவாயுவை நீராவியோடு சேர்த்து உடைத்து ஹைட்ரஜன் எடுக்கிறோம். அதைக் காற்றிலுள்ள நைட்ரஜனோடு 400 முதல் 500 டிகிரி செல்சியஸில், 150 முதல் 250 பார் அழுத்தத்தில், இரும்பு வினையூக்கிமேல் செலுத்துகிறோம். ஒரு சுற்றில் 15 முதல் 20 சதவீதம்தான் அம்மோனியாவாகும். மீதியைத் திரும்பத் திரும்பச் சுழற்ற வேண்டும். உலக உற்பத்தி இன்று ஆண்டுக்குச் சுமார் 18 கோடி டன். இதில் பெரும்பகுதி உரமாகிறது. இந்த உரம் இல்லாமல் இப்போதைய மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உணவு இருக்காது என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

விரயத்தைப் பாருங்கள். ஒருவர் நாளுக்கு 60 கிராம் புரதம் சாப்பிட்டால், புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன் என்ற கணக்கில் ஆண்டுக்கு 3.5 கிலோ நைட்ரஜன். 820 கோடிப் பேருக்கு 2.9 கோடி டன் போதும். வயலில் கொட்டுவதோ ரசாயன உரமாக மட்டும் 11 கோடி டன் பக்கம். பயறுவகைச் செடிகள் பிடித்துத் தருவது, எரு எல்லாம் அதற்கு மேல். வாய்க்கு வந்து சேர்வது கால் பங்குகூட இல்லை. தண்ணீர் கட்டிய நெல் வயலில் போட்ட யூரியாவில் 30 முதல் 40 சதவீதத்தைத்தான் பயிர் எடுக்கிறது. மீதி அம்மோனியாவாக ஆவியாகிறது, நைட்ரேட்டாக நிலத்தடி நீருக்கு இறங்குகிறது, கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போகிறது. இந்தக் கடைசி வாயு கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பம் பிடிப்பது.

எக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) என்றால் 46 சதவீத யூரியாவில் 261 கிலோ, 45 கிலோ மூட்டையில் கிட்டத்தட்ட 6. அந்த ஆறில் நாலு மூட்டை காற்றுக்கும் கிணற்றுக்கும்.

#5 இயற்கைவழி

ஏக்கருக்கு ஆறு மூட்டையா? அதுதானே நோயே. தொழுவுரம், பசுந்தாள் உரம் போட்டு நம் முன்னோர் விளைவிக்கவில்லையா? அந்த ஆலையே வேண்டாமே.

#6 வன்னிக் கமக்காரன்

எங்கட இலங்கையிலை அதைச் செய்து பாத்தாச்சு. 2021 மே மாதம் ரசாயனப் பசளை இறக்குமதிக்கு ஒரேயடியாத் தடை. நவம்பர் கடைசியிலை தடையை எடுத்தினம், ஆனா பெரும்போகம் அதுக்குள்ளை தொடங்கீட்டுது. 2022இலை நெல் விளைச்சல் 34 லட்சம் தொன் அளவுக்கு இறங்கீட்டுது, முந்தின வருசத்தை விட மூண்டிலை ஒரு பங்கு அளவு குறைவு. தேயிலையும் விழுந்தது. டொலர் இல்லாத நேரத்திலை அரிசியும் இறக்குமதி செய்ய வேண்டி வந்தது.

ஏன் எண்டு கணக்கா விளங்கிக்கொள்ள வேணும். பெரும்போகத்துக்கு ஏழு லட்சம் ஹெக்டேயர் எண்டு வைப்பம், ஹெக்டேயருக்கு 100 கிலோ நைதரசன். 70,000 தொன் வேணும். யூரியாவா எண்டால் ஒன்றரை லட்சம் தொன், பத்துத் தொன் லொறியிலை 15,000 நடை. கூட்டெரு எண்டால் அதிலை நைதரசன் ஒண்டரை வீதம்தான், 47 லட்சம் தொன் வேணும். லொறி நாலரை லட்சம் நடைக்கு மேலை. அந்தக் கூட்டெருவும் முதல் போகத்திலை தன்ரை நைதரசனிலை கொஞ்சத்தைத்தான் விடும், மிச்சம் பிந்தித்தான் கரையும். கமநல சேவை நிலையத்துக்கு வந்த கொஞ்சமும் பிந்தித்தான் வந்தது. மட்டம் வெடிக்கிற (தூர் கட்டுற) நேரத்திலை பசளை இல்லாட்டி, பிறகு எவ்வளவு போட்டும் கதிர் எண்ணிக்கை கூடாது.

#7 இயற்கைவழி

நியாயமான கணக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இலங்கையில் நடந்தது இயற்கை வேளாண்மைக்கான சோதனை அல்ல. ஒரு போகத்துக்குள் எல்லா நிலத்தையும் மாற்றச் சொன்னது. மண்ணில் கரிமச்சத்து ஏற நாலைந்து ஆண்டு ஆகும்.

தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் பூக்கும் முன் மடக்கி உழுதால் எக்டேருக்கு 60 முதல் 80 கிலோ தழைச்சத்து கிடைக்கும். லாரி எதுவும் வேண்டாம்.

#8 தழைச்சத்து

கிடைக்கும். ஆனால் அந்த 45 நாளுக்கும் ஈரம் வேண்டும். மேட்டூர் திறக்கும் தேதியை நம்பி இருக்கும் டெல்டாவில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும்? ஆழ்துளைக் கிணறு இருப்பவர் செய்யலாம். வருடத்துக்கு மூன்று பயிர் எடுக்கும் இடங்களில் அந்த 45 நாள் என்பது ஒரு உளுந்துப் பயிரின் பெரும்பகுதி. பசுந்தாள் உரம் நல்லது, முழு ஈடு ஆகாது. (நான் சொன்னது எக்டேருக்கு ஆறு மூட்டை. ஏக்கருக்கு இரண்டேகால் சொச்சம்தான்.)

உரம் வேண்டுமா வேண்டாமா என்று மோதுவதைவிட வீணாகும் அந்த நாலு மூட்டையைப் பிடிப்பதில் பலன் அதிகம். மிகவும் மலிவான கருவி இலை வண்ண அட்டை, அதாவது வெளிர் பச்சை முதல் கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் கொண்ட அட்டை. நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, 10 குத்துகளில், முழுதாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிடுங்கள். வெயில் இலையில் படாமல் உடம்பால் மறைத்துக்கொள்ள வேண்டும். எப்போதும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் பார்க்க வேண்டும். பாதிக்கு மேற்பட்ட இலைகள் எண் 4க்குக் கீழே போனால் மட்டும் எக்டேருக்கு 30 முதல் 35 கிலோ தழைச்சத்து. வெள்ளைப் பொன்னிக்கு எண் 3. அது இயல்பிலேயே வெளிர் ரகம், 4 என்று பார்த்தால் தேவையில்லாமல் போட்டுச் சாய்த்துவிடுவீர்கள்.

தவறு எங்கே வரும் என்றால், துத்தநாகம் குறைந்த மண்ணிலும் இலை வெளிறும். அதை அட்டை சொல்லாது. யூரியாவை மேலும் மேலும் கொட்டிக்கொண்டிருப்பார்கள்.

#9 நேர்ப்பேச்சு

எல்லாரும் சுத்தி வளைக்கிறீங்க. பிரச்சினை ஆப்பிரிக்கா. நைஜர்ல ஒரு பொண்ணுக்கு ஆறு புள்ள. அங்க நிறுத்தினா உலகம் பிழைக்கும்.

#10 கணக்கன்

எதிலிருந்து பிழைக்கும் என்று சொல்லுங்கள். கரியமில வாயுவிலிருந்தா? நைஜரில் சுமார் 2.7 கோடிப் பேர், ஆளுக்கு ஆண்டுக்கு 0.1 டன் அளவு. மொத்தம் 27 லட்சம் டன். 1,000 மெகாவாட் நிலக்கரி அனல் நிலையம் ஒன்று 75 சதவீதத் திறனில் ஓடினால் ஆண்டுக்கு 657 கோடி யூனிட், யூனிட்டுக்கு 0.95 கிலோ என்றால் 62 லட்சம் டன். ஒரு முழு நாடு, ஒரு அனல் நிலையத்தில் பாதிகூட இல்லை. அமெரிக்காவில் ஆளுக்கு 14 டன் பக்கம், இந்தியாவில் 2.

நைஜரில் ஆறு பிள்ளை என்பது உலகத்துக்கு முன்னால் நைஜருக்குத்தான் சுமை: பள்ளிக்கூடம், கிணறு, பேறுகால மரணம். அதைக் குறைக்க வேண்டும் என்பதில் தகராறு இல்லை. யாருக்காக என்பதில்தான் தகராறு.

#11 பரணி

ஆப்பிரிக்கான்னதும் ஒண்ணு சேர்க்கணும். சகாராவுக்குத் தெற்கே மக்காச்சோளம் எக்டேருக்கு 2 டன் பக்கம், அமெரிக்காவுல 11. அங்க உரம் போடுறது எக்டேருக்கு 20 கிலோ சுத்தியே நிக்குது. 2006ல அபுஜாவுல கூடி 2015க்குள்ள 50 கிலோ ஆக்குவோம்னு அறிவிச்சாங்க, எட்டலை. துறைமுகத்துல இறங்குன யூரியா உள்நாட்டு வயலுக்குப் போறதுக்குள்ள லாரி வாடகையே விலையைத் தூக்கிடும். புளிச்ச மண்ணுல சுண்ணாம்பு போடாம உரம் மட்டும் போட்டா பயிர் எடுக்காது. மழையை நம்புன நிலத்துல கடன் வாங்கி உரம் போட்டு மழை பொய்ச்சா குடும்பமே காலி, அதனால போடாம இருக்குறதே அவங்களுக்குப் புத்திசாலித்தனம். 2022ல நைஜீரியாவுல லெக்கியில ஆண்டுக்கு 30 லட்சம் டன் யூரியா ஆலை திறந்தாங்க. ஆலை வந்தாலும் ரோடு பிரச்சினை அப்படியேதான் இருக்கு.

விளைஞ்சதையும் வண்டு தின்னுது. அதுக்கு மூணடுக்குப் பை இருக்கு: உள்ளே 80 மைக்ரான் பாலித்தீன் உறை ரெண்டு, வெளியே நெய்த சாக்கு. மேற்கு ஆப்பிரிக்காவுல தட்டைப்பயறுக்குன்னு பரவுனது. நல்லா காய்ஞ்ச தானியத்தை நிரப்பி, ஒவ்வொரு உறையா காத்தைப் பிதுக்கி முறுக்கிக் கட்டணும். உள்ள இருக்குற வண்டே ஆக்சிஜனைத் தீர்த்துட்டு தானா அடங்கும், மருந்தே வேண்டாம். ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல இருந்தா மட்டும் கதை மாறும், பூஞ்சை பிடிச்சு அஃப்ளாடாக்சின்ங்குற நஞ்சு வந்துடும். நெருடுற காம்பு, கல் உறையைக் கிழிச்சாலும் பலன் போச்சு.

#12 செவிலி

பிள்ளைப்பேறு எண்ணிக்கை எப்படி இறங்குகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. வளரும் நாடுகளில் "இப்போது பிள்ளை வேண்டாம்" என்று நினைத்தும் நவீனக் கருத்தடை கையில் இல்லாத பெண்கள் 20 கோடிக்கு மேல். உலகில் ஆண்டுக்கு உண்டாகும் கருக்களில் ஏறக்குறைய பாதி திட்டமிடாதவை. யாரையும் கட்டாயப்படுத்தாமல், கேட்பவருக்குக் கொடுத்தாலே வளைவு சாயும்.

ஆனால் கொடுப்பது என்றால் என்ன? வங்கதேசத்தின் மத்லப் பகுதியைப் பாருங்கள். 1975 இல் முதலில் வீடு வீடாக மாத்திரையும் ஆணுறையும் விநியோகித்தார்கள். பயன்பாடு சடசடவென ஏறி, சில மாதங்களில் சரிந்தது. தலைசுற்றல், உதிரப்போக்கு என்று வந்தபோது கேட்க ஆளில்லை, மாற்று முறையும் இல்லை. 1977 இல் முறையை மாற்றினார்கள். அந்தந்த ஊரிலேயே வசிக்கும், படித்த, திருமணமான பெண்களைப் பயிற்சி கொடுத்து அமர்த்தினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே வருவார்கள். ஊசி, காப்பர்-டி என்று தேர்வு கூடியது, பக்கவிளைவுக்கு உடனே கவனிப்பு. இந்த முறை ஏறிய பயன்பாடு இறங்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் வங்கதேசத்தில் ஒரு பெண்ணுக்கு ஆறு பிள்ளைக்கு மேல். நாற்பது ஆண்டில் 2.3 பக்கம் வந்தது. பெண்களின் கல்வியும் வேலையும், குழந்தை இறப்புக் குறைவும் சேர்ந்துதான் இதைச் செய்தன. கருத்தடை மட்டும் தனியாகச் செய்யவில்லை.

இன்றைய முறைகளில் இம்பிளான்ட், அதாவது முழங்கைக்கு மேல் தோலுக்கடியில் சிறு குச்சியை வைப்பது, மூன்று முதல் ஐந்து ஆண்டு வேலை செய்யும். 2013 இல் ஏழை நாடுகளுக்கான விலை ஏறக்குறைய பாதியாக, 8.50 டாலருக்கு இறங்கியபின் ஆப்பிரிக்காவில் வேகமாகப் பரவியது. எங்கே கெடும் என்றால், வைக்கப் பயிற்சி பெற்றவர் பலர், எடுக்கப் பயிற்சி பெற்றவர் சிலர். கேட்டபோது எடுக்கமாட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால் அடுத்த பெண் வரமாட்டார். மூன்று மாத ஊசியில் மாதவிடாய் ஒழுங்கு மாறும், சிலருக்கு நின்றே போகும். இதை முன்கூட்டிச் சொன்னால் தொடர்வார்கள். சொல்லாமல் போட்டால் இரண்டாவது தவணைக்கு ஆள் இருக்காது. கையிருப்பு தீர்வது தனிப் பிரச்சினை; ஊசி பல வாரம் தாமதமாக வந்தால் சிலர் கர்ப்பமாகிவிடுவார்கள்.

#13 நேர்ப்பேச்சு

சீனா மாதிரி சட்டம் போட்டா வேகமா முடியுமே அக்கா.

#14 செவிலி

தம்பி, சீனாவில் 1970 இல் ஒரு பெண்ணுக்கு 5.8 பிள்ளை. ஒற்றைக் குழந்தைத் திட்டம் வருவதற்கு முன்பே, 1979 இல், 3க்குக் கீழே வந்துவிட்டது. பெரிய சரிவு சட்டத்துக்கு முந்தியது. இந்தியாவில் அவசரநிலையின்போது 1976-77 இல் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை அறுவை. அடுத்த ஆண்டே 10 லட்சத்துக்கும் கீழே. ஆண்களுக்கான எளிய அறுவை அன்று பெற்ற கெட்டபெயர் இன்னும் போகவில்லை. இன்றும் பாரம் முழுக்கப் பெண் வயிற்றின்மேல்தான்.

#15 காவிரிக்கரை

இங்க தமிழ்நாட்டுல ஒரு பொண்ணுக்கு 1.4 புள்ளைன்னு இறங்கினதுக்குப் பரிசாத்தான் மக்களவைத் தொகுதியைக் குறைக்கப் பாக்குறாங்க. கட்டுப்படுத்தினவனுக்குத் தண்டனை, இதுக்கு ஒரு கணக்கு போடுங்க பார்ப்போம்.

#16 மட்டுறுத்தர்

தொகுதி மறுவரையறைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே செல்லவும். தொடர்ந்து வந்த நான்கு பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன்.

#17 வயதுக்கோபுரம்

1.4 என்றதும் ஒரு குறிப்பு மட்டும். குறைவதிலும் கூட்டுவட்டி உண்டு. தென்கொரியா 2023 இல் 0.72. ஈடுசெய்யும் அளவு, அதாவது தலைமுறை கூடாமல் குறையாமல் நிற்கத் தேவையான அளவு, 2.1. அப்படியானால் 100 பேர் கொண்ட தலைமுறைக்கு அடுத்தது 34, அதற்கடுத்தது 12. உலகம் கூடுகிறது என்பதும் பல நாடுகள் சுருங்குகின்றன என்பதும் ஒரே நேரத்தில் உண்மை.

#18 மணிச்சத்து

நைட்ரஜனாவது காற்றில் இருக்கிறது. பாஸ்பரஸ் பாறையில்தான். அறியப்பட்ட இருப்பு சுமார் 7,400 கோடி டன், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மொராக்கோவும் மேற்கு சகாராவும். ஆண்டுக்கு 24 கோடி டன் வெட்டினால் 300 ஆண்டு வரும். ஆகவே நாளைக்கே தீர்ந்துவிடும் என்ற பயமுறுத்தல் வேண்டாம். சிக்கல் ஒரே கையில் குவிந்திருப்பதிலும், பாறையோடு வரும் காட்மியம் என்ற நச்சு உலோகத்திலும்.

ஒரு ஆள் ஆண்டுக்கு அரைக் கிலோ பாஸ்பரஸைக் கழிவாக வெளியேற்றுகிறார். அதை மீட்க ஸ்ட்ரூவைட் முறை உண்டு. சாக்கடைக் கசடைப் பிழிந்த நீரில் மெக்னீசியம் குளோரைடு சேர்த்து பி.எச். 8.5 முதல் 9க்கு ஏற்றினால் மணிமணியாகப் படியும், அப்படியே உரம். படிய விடாவிட்டால் குழாய்க்குள் தானே கல்லாகப் படிந்து பம்பை அடைக்கும். பல நிலையங்கள் அந்தத் தொல்லைக்காகத்தான் இதை ஆரம்பித்தன. ஆனால் மொத்தப் பாஸ்பரஸில் சிறு பங்குதான் இப்படி வரும். கசடை எரித்துச் சாம்பலிலிருந்து எடுத்தால் பெரும்பகுதி வரும், செலவும் அப்படி. ஜெர்மனி 2017 விதியில் பெரிய நிலையங்களுக்கு 2029 முதல் மீட்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

#19 காவிரிக்கரை

தழைச்சத்து ஐயா, எரிவாயு தீர்ந்தா என்ன, சூரிய மின்சாரத்துல அம்மோனியா பண்ணலாமே? பசுமை அம்மோனியான்னு சொல்றாங்களே?

#20 தழைச்சத்து

பண்ணலாம். தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுத்து டன் அம்மோனியா செய்ய ஏறக்குறைய 10,000 யூனிட். 18 கோடி டன்னுக்கு 1,80,000 கோடி யூனிட். இந்தியா முழுவதும் ஓராண்டில் உற்பத்தி செய்யும் மின்சாரத்தின் அளவு அது.

வெயிலுக்கு ஏற்ப ஆலையை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது சிரமம். வெப்பம் ஏறி இறங்கினால் வினையூக்கியும் கலனும் பாதிக்கும். எனவே ஹைட்ரஜனைச் சேமிக்க வேண்டும், அதுதான் செலவு.

பலர் கவனிக்காத இன்னொன்று. ஒரு டன் யூரியாவுக்கு 0.57 டன் அம்மோனியாவோடு 0.73 டன் கரியமில வாயுவும் வேண்டும். எரிவாயு ஆலையில் அது சும்மா கிடைக்கிறது. பசுமை ஆலையில் கிடையாது. அம்மோனியம் நைட்ரேட்டாக மாறலாம் என்றால், தண்ணீர் கட்டிய நெல் வயலில் நைட்ரேட் நிற்காது, ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாயுவாகிப் போய்விடும். கிடங்கில் வைப்பதிலும் ஆபத்து. 2020 இல் பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்தது அதே சரக்கு, 2,750 டன். கோதுமைக்கு வழி இருக்கிறது, நெல்லுக்குக் கடினம். ஆசியா தின்பது நெல்.

#21 குழாய்க்கிணறு

நெல் என்றதும் தண்ணீருக்கு வருவோம். மனிதர் எடுக்கும் நன்னீரில் 70 சதவீதம் பாசனத்துக்கு. உலகிலேயே அதிக நிலத்தடி நீர் இறைக்கும் நாடு இந்தியா, ஆண்டுக்குச் சுமார் 245 கன கிலோமீட்டர். பஞ்சாபில் ஊறுவதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் எடுக்கிறார்கள். அந்த நீரில் விளையும் தானியமும் கணக்கனின் 280 கோடி டன்னுக்குள் அடக்கம். நீர்மட்டம் இறங்க இறங்க அந்த எண்ணின் ஒரு பகுதி கடன் வாங்கிய விளைச்சல் ஆகிறது.

சட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பஞ்சாபே பாடம். 2009 இல் ஜூன் 10க்கு முன் நடவு கூடாது என்று சட்டம். கோடை ஆவியாதல் குறைந்தது, சரி. ஆனால் அறுவடை தள்ளிப்போய், கோதுமை விதைக்க இருபது நாள் சுமாரே மிஞ்சியது. நெல் தாளை மக்க விட நேரமில்லை, கொளுத்தினார்கள். அந்தப் புகை அக்டோபர் கடைசியில், காற்று அசையாத நேரத்தில், டெல்லிமேல் நின்றது. தண்ணீரை மிச்சம் பிடிக்கப்போய் காற்றைக் கெடுத்தாயிற்று.

வயலில் செய்யக்கூடியது காயவிட்டுப் பாய்ச்சும் முறை. 30 சென்டிமீட்டர் நீள, 15 சென்டிமீட்டர் விட்டக் குழாய். கீழ்ப் பாதியில் 2 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 5 மில்லிமீட்டர் துளைகள். துளையுள்ள பாதி மண்ணுக்குள், மேல் பாதி வெளியே. உள்ளே உள்ள மண்ணை அள்ளிவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் மண்ணுக்கு 15 சென்டிமீட்டர் கீழே போனதும் 5 சென்டிமீட்டர் உயரம் பாய்ச்சுங்கள். நட்டு முதல் இரண்டு வாரம் இதைச் செய்யாதீர்கள், களை ஏறிவிடும். பூக்கும் வாரத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் தண்ணீர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பதர்.

தண்ணீர் 30 சதவீதம் வரை மிஞ்சும், மீத்தேன் கிட்டத்தட்ட பாதி குறையும். மண் நனைந்து காய்வதால் நைட்ரஸ் ஆக்சைடு சற்றுக் கூடும், ஆனாலும் மொத்தத்தில் லாபம். பரவாததற்குக் காரணம் அறியாமை அல்ல. மின்சாரம் இலவசம், அல்லது வாய்க்காலில் முறை வைத்து வரும் தண்ணீர். இன்று விட்டால் அடுத்த முறை எப்போது என்று தெரியாதவர் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

#22 நேர்ப்பேச்சு

மக்கள்தொகை வெடிச்சுப் பஞ்சம் வரும்னு எச்சரிச்ச உயிரியலாளர் எர்லிக், அதை மறுத்த பொருளாதார அறிஞர் சைமன், இவங்க பந்தயம் ஞாபகம் இருக்கா? 1980ல அஞ்சு உலோகம் விலை ஏறும்னு எர்லிக் பந்தயம் கட்டி, 1990ல தோத்து 576 டாலர் செக் அனுப்பினார். எப்பவும் பயமுறுத்தறவங்கதான் தோப்பாங்க.

#23 மணிச்சத்து

தொடங்கிய ஆண்டை மாற்றியிருந்தால் பல பத்தாண்டுகளில் எர்லிக்கே ஜெயித்திருப்பார். அதோடு தாமிரத்துக்குப் பதில் அலுமினியம் வரும். பாஸ்பரஸுக்குப் பதில் செடிக்கு எதுவும் கிடையாது.

#24 கணக்கன்

#1க்கு ஒரு வரி சேர்க்கிறேன்: 280 கோடி டன் என்பது இன்றைய உரமும் இன்றைய இறைப்பும் இருக்கும்வரை மட்டும். பஞ்சாப் அளவுக்கு வற்றிவரும் நிலத்தடி நீரில் விளைவது எவ்வளவு டன் என்று நாடுவாரியாகக் கழித்துப் பார்க்க வேண்டும். தரவு வைத்திருப்பவர்கள் எக்டேரா ஏக்கரா என்று குறிப்பிட்டு இடுங்கள்.

#25 காவிரிக்கரை

குழாய்க்கிணறு அண்ணா, அந்தக் குழாய் பிவிசிதானா இருக்கணும்? 15 சென்டிமீட்டர் விட்டத்துல துண்டா கிடைக்க மாட்டேங்குது. ஏக்கருக்கு எத்தனை?

#26 குழாய்க்கிணறு

பிவிசிதான் என்று இல்லை. தடித்த மூங்கிலில் கணுவைத் தட்டிவிட்டுத் துளை போட்டாலும் போதும். பெரிய பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டியும் செய்கிறார்கள். விட்டம் 10 சென்டிமீட்டர் இருந்தாலும் சரி, உள்ளே நீர் தெரிய வேண்டும், கை போய் மண் அள்ள வேண்டும், அவ்வளவுதான். சமமான வயலுக்கு ஒன்று போதும். மேடு பள்ளம் இருந்தால் இரண்டு. வரப்பு ஓரத்தில் நடாதீர்கள், கசிவு தப்பாகக் காட்டும். வரப்பிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே, நடந்து போய்ப் பார்க்க வசதியான இடத்தில். புதைத்தவுடன் தண்ணீர் விட்டு, குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் துளை சேற்றால் அடைத்திருக்கிறது, பிடுங்கிக் கழுவி மறுபடி நடுங்கள்.